றோஸ் அந்திமந்தாரையின் விதையில் சிவப்பும் வெள்ளையும் எப்படி வந்தது?

பகுதி: வீட்டுத்தோட்டம் › பூங்கன்றுகள்

மணல்வளவு (ஆரையம்பதி)
ஜூன் 4, பி.ப. 6:10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் மனவருத்தம்.

வேலியோரம் முழுக்க றோஸ் நிற அந்திமந்தாரை வைக்க வேண்டும் என்பது அம்மம்மாவின் நெடுநாள் ஆசை. போன வருடம் கல்லடியில் மாமி வீட்டில் ஒரு றோஸ் கன்று பூத்துக் குலுங்கி நின்றது. ஒரேயொரு கன்றுதான். பக்கத்து வளவுகளிலும் அந்திமந்தாரை இல்லை. மாமி அதிலிருந்தே விதை பொறுக்கி, பேப்பர் சுருளில் மடித்துத் தந்தார். மாரி ஓய்ந்த பிறகு பெப்ரவரியில் போட்டேன். 23 கன்று பிழைத்தது. இப்போது எல்லாமே பூத்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் சிவப்பு 7, றோஸ் 10, வெள்ளை 6.

மாமி வேறு விதையைக் கலந்துவிட்டார் என்று நினைத்து, போனில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் "என்ட வளவில வெள்ளையே இல்லையே பிள்ளை, நான் எங்க போய்க் கலக்குற" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதிலிருந்து மனம் சரியில்லை. விதை கலக்காமல் இப்படி வர வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை
ஜூன் 4, பி.ப. 7:02

மண்ணாக இருக்கும் தங்கச்சி. ஆரையம்பதிப் பக்கம் கடல் மணல். உப்பு கூடினால் பூ வெளுக்கும் என்று எங்கள் அப்பா சொல்லுவார். மாட்டெரு போட்டுப் பாருங்கள்.

மணல்வளவு
ஜூன் 4, பி.ப. 7:30

அண்ணா, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சாண் இடைவெளியில் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் நிற்கின்றன. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். வெள்ளை என்றால் வெளுத்த சிவப்பு இல்லை. கழுவி வைத்த மாதிரிச் சுத்த வெள்ளை.

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 4, பி.ப. 9:45

மகள், முதலில் மாமிக்குப் போன் எடுங்கள். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அந்த ஒற்றை றோஸ் கன்றிலிருந்துதான் மூன்று நிறமும் வந்திருக்கிறது. நீங்கள் எண்ணிய கணக்கே அதற்குச் சாட்சி.

உயர்தரத்தில் இதைப் பூரணமற்ற ஆட்சி என்று படிப்பிக்கிறோம். ஒரு குணம் மற்றதை முழுக்க மறைத்தால் ஆட்சி, முழுக்க மறைக்காவிட்டால் பூரணமற்ற ஆட்சி. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று இருக்கும். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான், ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கன்றிலும் பூ நிறத்துக்கான பரம்பரையலகு இரண்டு பிரதியாக இருக்கிறது, ஒன்று தாயிடமிருந்து, மற்றது தந்தையிடமிருந்து. அந்தப் பரம்பரையலகு இரண்டு வடிவத்தில் வரலாம். எதிருரு என்று சொல்வோம். ஒன்றைச் 'சி' என்று வைப்போம், நிறம் உண்டாக்கும். மற்றதை 'வெ' என்று வைப்போம், உண்டாக்காது. 'சிசி' உள்ள கன்று சிவப்பு, 'வெவெ' உள்ளது வெள்ளை. இரண்டிலும் ஒவ்வொன்று உள்ள 'சிவெ' கன்றுக்கு நிறமி குறைவாகவே கிடைக்கிறது. அதுதான் உங்கள் மாமி வீட்டு றோஸ்.

இப்போது அந்த றோஸ் கன்று மகரந்தமும் சூலும் உண்டாக்கும்போது என்ன நடக்கிறது? இரண்டு பிரதியும் பிரிந்து போகின்றன. பாதி மகரந்த மணிகளில் 'சி' மட்டும், பாதியில் 'வெ' மட்டும். சூலிலும் அப்படியே. 'றோஸ்' என்று ஒரு எதிருரு எந்த மகரந்தத்திலும் கிடையாது. அது பூவில் மட்டும்தான் இருக்கிறது.

பக்கத்தில் வேறு கன்று இல்லாதபடியால் பூ தன்னைத்தானே கருக்கட்டியிருக்கிறது. அந்திமந்தாரைக்கு அது பழக்கம். காலையில் பூ சுருங்கும்போது கவனித்துப் பாருங்கள், மகரந்தம் தாங்கும் கேசரங்களும் நடுத்தண்டும் ஒன்றாகச் சுருண்டு, மகரந்தம் தண்டின் நுனியிலுள்ள குறியில் ஒட்டிவிடும். அப்படிச் சேரும்போது நாலில் ஒன்று 'சிசி', நாலில் இரண்டு 'சிவெ', நாலில் ஒன்று 'வெவெ'. 23 கன்றுக்கு எதிர்பார்ப்பு ஏறத்தாழ 6, 11, 6. உங்களுக்கு வந்தது 7, 10, 6.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு சிரட்டை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சாடி விதை, ஒரு வெள்ளைச் சோகி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிரட்டையிலிருந்தும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். எழுதிவிட்டுத் திரும்பப் போட்டு மறுபடி எடுங்கள். நாற்பது தடவை செய்தால் உங்கள் வேலியோரம் அந்தப் பேப்பரில் தெரியும்.

மணல்வளவு
ஜூன் 4, பி.ப. 10:20

டீச்சர், இப்போதுதான் மாமியிடம் பேசிவிட்டு வந்தேன். நான் அழுதேன், அவரும் அழுதார். மிக்க நன்றி.

சேனையூரான்
ஜூன் 5, மு.ப. 6:15

டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு இடம் இடிக்கிறது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து றோஸ் வந்தால் அது சாயம் கலக்கிற மாதிரித்தானே? சுவருக்கு அடிக்கிற பெயின்றில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் றோஸ். இதற்கு எதற்கு எதிருருவும் மற்றதும்?

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 5, பி.ப. 3:50

நல்ல கேள்வி தம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய ஆட்களே அப்படித்தான் நம்பினார்கள். டார்வினின் கொள்கைக்கு எதிராக 1867இல் ஃபிளீமிங் ஜென்கின் எழுதிய விமர்சனத்தின் முக்கிய வாதங்களில் ஒன்று இதுதான். பெற்றோரின் குணங்கள் சாயம் போலக் கலந்தால், ஒரு புதுக்குணம் தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்து இல்லாமலே போய்விடுமே என்றார். டார்வினிடம் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை.

பதில் இந்தத் தங்கச்சியின் வேலியோரத்தில் இருக்கிறது. தேத்தண்ணியில் பாலை ஊற்றிய பிறகு பாலைத் தனியே திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. சாயம் கலந்திருந்தால் றோஸின் பிள்ளைகள் எல்லாம் றோஸாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த 6 கன்றில் சுத்த வெள்ளை திரும்பி வந்திருக்கிறது. 'வெ' ஒரு தலைமுறை முழுக்க 'சி'யோடு ஒரே கலத்துக்குள் இருந்தும் கறை படாமல் வெளியே வந்திருக்கிறது. பூவில் நிறம் கலந்தது போலத் தெரிகிறது, விதைக்குள் எதுவும் கலக்கவில்லை.

பட்டாணிக் கன்றுகளை வைத்துப் பரம்பரை விதிகளைக் கண்டவர் மெண்டல். பிள்ளைகள் பலர் இதை "மெண்டலின் விதிக்கு விலக்கு" என்று எழுதி வைக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு வருடமும் மனம் கஷ்டப்படும். விலக்கானது ஆட்சி மட்டும்தான். எதிருருக்கள் பிரிந்து போகின்றன என்ற முதல் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு கன்று இல்லை.

பயோ 2ஆம் வருடம்
ஜூன் 5, பி.ப. 8:12

டீச்சர், நான் மட்டக்களப்பில் ஏ.எல். படிக்கிறேன். மூன்று சந்தேகம்.

மெண்டலின் பட்டாணியில் ஊதாப் பூவும் வெள்ளைப் பூவும் 3:1 என்று வருகிறது. இதில் ஏன் 1:2:1? இணையாட்சிக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அக்காவின் கணக்குக்குக் கை வர்க்கப் பரீட்சை (எண்ணியது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது) செய்தேன், 0.48 வந்தது. அட்டவணையில் சுயாதீன அளவு 2க்கு (மூன்று நிறம், அதில் ஒன்று குறைய) எல்லை 5.99. அப்படியென்றால் 1:2:1ஐ ஏற்கலாம்தானே?

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 5, பி.ப. 9:30

கணக்குச் சரி மகன். 5.99ஐவிட மிகக் குறைவு, ஆகவே 1:2:1ஐ நிராகரிக்கக் காரணம் இல்லை. எதிர்பார்த்த எண்ணை 5.75, 11.5, 5.75 என்று தசமத்தோடு எடுத்திருக்கிறாய். அதுதான் முறை.

பட்டாணி: மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டாம் தலைமுறையில் 705 ஊதாப் பூக் கன்று, 224 வெள்ளைப் பூக் கன்று. அங்கேயும் உள்ளே 1:2:1தான். ஆனால் ஒரு பிரதி இருந்தாலே பூவுக்கு வேண்டிய நிறம் முழுக்கக் கிடைத்துவிடுகிறது. அதனால் நடுவில் உள்ள இரண்டு பங்கும் ஊதாவோடு சேர்ந்து 3 ஆகிறது. அந்திமந்தாரையில் ஒரு பிரதி போதவில்லை, நடுப்பங்கு தனியே தெரிகிறது. இங்கே பிறப்புரிமையமைப்பின் (உள்ளே உள்ள எதிருருக்களின்) விகிதமும் தோற்றவமைப்பின் (வெளியே தெரியும் நிறத்தின்) விகிதமும் ஒன்றே. பூவைப் பார்த்த உடனே உள்ளே என்ன என்று சொல்லிவிடலாம். பட்டாணியில் ஊதாப் பூவைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது, வெள்ளைப் பூக் கன்றோடு சோதனைக் கலப்புச் செய்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

எழுதும்போதும் கவனி. இங்கே யாரும் யாரையும் மறைக்கவில்லை, ஆகவே ஆட்சியானதற்குப் பெரிய எழுத்து, மறைவதற்குச் சின்ன எழுத்து என்று போடுவது பொருத்தம் இல்லை.

இணையாட்சி வேறு. அதில் இரண்டு எதிருருவும் தத்தம் பொருளை முழுசாகக் காட்டும். ஏபி குருதி வகையில் ஏயும் இருக்கும், பியும் இருக்கும், நடுவில் ஒன்று வராது.

இன்னும் ஒன்று, இது வினாத்தாளுக்கு வெளியே. ஆட்சி என்பது நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. மெண்டலின் உருண்டைப் பட்டாணியும் சுருங்கிய பட்டாணியும் தெரியும்தானே? வெறும் கண்ணுக்கு உருண்டை முழு ஆட்சி. ஆனால் கலப்பு விதையை வெட்டி மாப்பொருள் மணிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அவை இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும். அதே விதை, அதே பரம்பரையலகு. கண்ணால் பார்த்தால் முழு ஆட்சி, கண்ணாடியால் பார்த்தால் பூரணமற்ற ஆட்சி.

வயல்காரன் (சம்மாந்துறை)
ஜூன் 6, மு.ப. 5:40

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். வயலுக்கு இறங்குமுன் எழுதுகிறேன். போன பெரும்போகத்தில் வெள்ளை நெல் விதை என்று ஒரு இடத்தில் வாங்கினேன். அறுத்துக் குற்றியபோது அங்கங்கே சிவப்பு அரிசி. இந்தப் பூக் கதை மாதிரி நெல்லும் நடக்குமா? நடந்தால் ஏன் றோஸ் அரிசி வரவில்லை?

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 6, பி.ப. 4:25

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நெல்லில் அரிசித் தோலின் சிவப்பு முழு ஆட்சி. ஒரு பிரதி இருந்தாலே தோல் சிவக்கும், நடு நிறம் வராது. வெள்ளை அரிசி வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பரம்பரையலகின் டிஎன்ஏயில் 14 எழுத்து அளவு துண்டு அறுந்து போயிருக்கிறது. அதனால் அது வேலை செய்வதில்லை.

நெல்லில் இன்னொரு சிக்கல். அரிசியின் தோல் தாயின் உடம்பு, பிள்ளையின் உடம்பு இல்லை. ஒரு வெள்ளை நெல் கதிரில் பக்கத்துச் சிவப்பு நெல்லின் மகரந்தம் விழுந்தால், அந்தப் போகம் அரிசி வெள்ளையாகவேதான் தெரியும். அந்த மணியை அடுத்த போகம் விதைத்தால், வரும் கன்றின் கதிர் முழுக்கச் சிவப்பு. அதற்கும் அடுத்த போகத்தில்தான் கன்றுகள் 3:1 என்று பிரியும். ஆகவே கலப்பு நடந்த வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுக்கிறபடியால் இது அரிது. உங்களுக்கு வந்தது விதை நெல்லோடு சிவப்பு நெல் மணியாகவே சேர்ந்திருக்கக்கூடியது. குற்றிய பிறகு எந்தக் கன்றில் சிவப்பு வந்தது என்று பார்க்க முடியாது. அடுத்த தடவை அறுக்குமுன் கதிரில் பத்து மணி உரித்துப் பாருங்கள். சிவந்த கதிர் உள்ள கன்றை வேரோடு பிடுங்கிவிடலாம்.

வயல்காரன் (சம்மாந்துறை)
ஜூன் 6, பி.ப. 8:05

தோல் தாயுடையது என்பது இன்றைக்குத்தான் தெரியும். முப்பது வருடம் வயல் செய்கிறேன்.

பொத்துவில் கடற்காற்று
ஜூன் 7, பி.ப. 2:15

நான் வேறு ஒன்று செய்து பார்த்தேன். செவ்வரத்தைப் பூவைக் கசக்கித் தண்ணீரில் விட்டு, தேசிக்காய்ப் புளி பிழிந்தால் பளிச்சென்று சிவக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை கலந்த நிறம் வருகிறது. இதே வேலையைச் சிவப்பு அந்திமந்தாரையில் செய்தேன். தேசிக்காய்க்கு அது அசையவே இல்லை. சிவப்புக்குச் சிவப்பு வேறா?

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 7, பி.ப. 7:40

வேறுதான். இதை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள், எனக்கு மிகச் சந்தோஷம்.

செவ்வரத்தையில் இருப்பது அந்தோசயனின் என்ற நிறமி. புளிக்கும் காரத்துக்கும் நிறம் மாறும். அந்திமந்தாரையில் இருப்பது பீற்றலெயின் என்ற வேறு வகை நிறமி. பீற்றூட், சிவப்புத் தண்டுக்கீரை, போகன்வில்லா எல்லாவற்றிலும் இருக்கும் சிவப்பு அந்தக் குடும்பம். ஒரே செடியில் இந்த இரண்டு வகையும் சேர்ந்து இருப்பதில்லை. அந்திமந்தாரையின் மஞ்சள் பூவும் பீற்றலெயின்தான், அதிலேயே மஞ்சள் பிரிவு.

நாம் இதழ் என்று சொல்வதும் உண்மையில் இதழ் இல்லை. அந்திமந்தாரைக்கு அல்லி (உண்மையான இதழ்) கிடையாது, மற்றப் பூக்களில் மொட்டைப் பச்சையாக மூடியிருக்கும் புல்லிதான் இங்கே நிறம் பிடித்துப் பூவாக நிற்கிறது. அடியில் பச்சையாக இருப்பது பூவடிச்செதில்கள்.

நாவற்குடா
ஜூன் 7, பி.ப. 8:30

எங்கள் வீட்டுக் கன்றில் மஞ்சள் பூவில் சிவப்புக் கோடு. சில பூ பாதி மஞ்சள் பாதி சிவப்பு. ஒரே கன்றில் இரண்டு பூ ஒரே மாதிரி இல்லை. இதுவும் பூரணமற்ற ஆட்சியா?

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 7, பி.ப. 9:10

இல்லை. பூரணமற்ற ஆட்சியில் பூ முழுக்க ஒரே சீரான நடு நிறம் வரும். கோடும் திட்டும் வருவது, பூ வளரும்போதே சில கலங்களில் பரம்பரையலகு நிலை மாறுவதால். சோளத்தில் பரம்பரையலகின் நிலையை இப்படி மாற்றிவிட்டு இடம் மாறித் திரியும் பரம்பரைத் துண்டுகளைக் கண்டவர் பார்பரா மக்ளின்ரொக். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு, வெள்ளை, றோஸ் கணக்கைப் பழக, கோடு இல்லாத கன்றையே எடுங்கள்.

தாதி அக்கா
ஜூன் 8, மு.ப. 7:20

ஒரு முக்கியமான விஷயம். அந்திமந்தாரை விதை பார்க்க மிளகு மாதிரி இருக்கும். விதையும் கிழங்கும் நஞ்சு. குசினியில் வைக்காதீர்கள், பேப்பர் சுருளில் பெயர் எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள்.

மணல்வளவு
ஜூன் 8, பி.ப. 5:15

நன்றி அக்கா, மூடியுள்ள போத்தலில் போட்டு மேலே வைத்துவிட்டேன்.

டீச்சர், அம்மம்மாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப வேலி முழுக்க றோஸ் வைக்க ஏலாதா மனே?"

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஜூன் 8, பி.ப. 9:00

ஏலும். இரண்டு வழி.

றோஸ் கன்றின் கிழங்கைப் பிரித்து நட்டால் அதே றோஸ் வரும், ஏனென்றால் அங்கே விதையே இல்லை, பிரிவும் இல்லை. இது இலேசான வழி.

மற்ற வழி எனக்குப் பிடித்தது. உங்களிடம் இப்போது சுத்தச் சிவப்பு 7, சுத்த வெள்ளை 6 நிற்கிறது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் வரும் விதை அத்தனையும் 'சிவெ'. அத்தனையும் றோஸ். ஒரு வெள்ளைகூட வராது. 1900இல் மெண்டலின் வேலையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவரான கார்ல் கொரன்ஸ் இதே பூவில்தான் இந்தக் கலப்பைக் காட்டினார். மெண்டலும் இந்தப் பூவில் கைவைத்தவர். ஒரு சூல் கருக்கட்ட ஒரேயொரு மகரந்த மணி போதும் என்பதை அந்திமந்தாரையில் செய்து பார்த்து, நேகெலி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

செய்யும் விதம் இதுதான். அன்று பின்னேரம் விரியப்போகும் மொட்டு நீண்டு பருத்திருக்கும். பகல் பதினொரு மணி போலச் சிவப்புக் கன்றில் அப்படி ஒன்றைத் தெரிந்து, தைக்கிற ஊசியால் குழாயை நெடுக்கக் கீறுங்கள். உள்ளே ஐந்து கேசரம் சுருண்டு கிடக்கும், ஐந்தையும் நுள்ளி எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள தண்டில் கை படக்கூடாது. மெல்லிய துணிப் பையால் மூடுங்கள், அந்துப்பூச்சி வராது. பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளைப் பூ ஒன்றைப் பிடுங்கி, அதன் மகரந்தத்தைச் சிவப்பின் குறியில் தடவிவிட்டுத் திரும்ப மூடி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு பூவுக்கு ஒரு விதைதான், ஆகவே பொறுமை வேண்டும். விதை கறுத்ததும் தொட்டால் விழுந்துவிடும், பை இல்லாவிட்டால் மணலில் தேட வேண்டி வரும்.

நேரம் இருந்தால் றோஸையும் வெள்ளையையும்கூடக் கலந்து பாருங்கள். அங்கே பாதி றோஸ், பாதி வெள்ளை வர வேண்டும். சிவப்பு ஒன்றுகூட வரக்கூடாது.

மணல்வளவு
ஓகஸ்ட் 2, பி.ப. 6:40

22 சிவப்புப் பூவில் வெள்ளையின் மகரந்தம் தடவினேன். முதல் நாலைந்து மொட்டு என் கையாலேயே முறிந்தது. மறுகா கை பழகிவிட்டது. 16 விதை கிடைத்தது. றோஸுக்கு வெள்ளை தடவியதில் 11 விதை. இன்று இரண்டையும் தனித்தனிப் பாத்தியில் போட்டேன். சரியான வெயில், காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மாமி கல்லடியிலிருந்து வந்து, இரண்டு பாத்திக்கும் தன் கையால் ஈர்க்கில் குத்திப் பெயர் கட்டினார்.

பயோ 2ஆம் வருடம்
ஓகஸ்ட் 2, பி.ப. 7:15

அக்கா, பூத்ததும் கட்டாயம் எண்ணிப் போடுங்கள்.

மணல்வளவு
ஒக்டோபர் 24, பி.ப. 7:50

எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள், பிந்திவிட்டது. முதல் மழை தொடங்கிவிட்டது, பூவும் தொடங்கிவிட்டது.

றோஸும் வெள்ளையும்: 9 கன்று பிழைத்தது. றோஸ் 5, வெள்ளை 4. சிவப்பு இல்லை.

சிவப்பும் வெள்ளையும்: 14 கன்று பிழைத்தது. இதுவரை 13 பூத்தது. பதின்மூன்றும் றோஸ். ஒரே அளவான றோஸ், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. பதினான்காவது கடைசி மூலையில் தென்னை நிழலில் நிற்கிறது, மொட்டு நாளைக்கு விரியும் போல இருக்கிறது. அம்மம்மா நாளைக்கு நாலு மணிக்குத் தன் கதிரையை அதன் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறார்.

உயிரியல் டீச்சர் (கல்முனை)
ஒக்டோபர் 24, பி.ப. 9:20

நானும் காத்திருக்கிறேன் மகள்.

மணல்வளவு
ஒக்டோபர் 25, பி.ப. 5:05

மழை இருட்டுக்குக் கொஞ்சம் முந்தியே, மூன்றரைக்கெல்லாம் விரிந்துவிட்டது. றோஸ்.